கப்ளர்களும் குழாய்களின் குரலமைப்பும்

குழாய் ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்தும்போது வேறொரு விசைப்பலகைக்குரிய குழாய்களையோ, அதே விசைப்பலகையில் ஒரு ஸ்தாயி மேலோ கீழோ உள்ள குழாய்களையோ சேர்த்து ஒலிக்கச் செய்யும் இணைப்புக்குக் கப்ளர் என்று பெயர். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தியவுடன் ஒரு ஸ்தாயி தள்ளியுள்ள கட்டையும் தானாகத் தாழ்வதைப் பார்த்திருக்கும் வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. கடைகளில் கப்ளர் ஆர்மோனியம் என்று கேட்டு வாங்கப்படுவது இதன் சிறிய வடிவமே. குரலமைப்பு என்பது, உருவாக்கி முடித்த குழாயைப் பாட வைக்கும் வேலை: அடித்துளையைப் பெருக்கியோ சுருக்கியோ உட்புகும் காற்றின் அளவை வரையறுப்பதும், வாயின் உயரத்தை வெட்டித் திருத்துவதும், கீழுதட்டுக்கும் உள்தகட்டுக்கும் இடையிலுள்ள காற்றுப்பிளவைச் சீர்செய்வதும், தகட்டின் விளிம்பில் நுண்ணிய கீறல்கள் இடுவதும், ரீட் குழாயானால் பித்தளை நாக்கின் வளைவை மாற்றுவதும் இதில் அடங்கும். இவற்றால் ஒலி எழும் விரைவும் உரப்பும் நிறமும் ஒரு வரிசை முழுவதிலும் பொருந்தி அமைகின்றன.

கப்ளர் எந்தக் குழாயின் குரலையும் தொட்டு மாற்றுவதில்லை. ஆயினும், தனித்தனியே கேட்டபோது குறையின்றி இருந்த இரு பிரிவுகள் இணைந்து ஒலிக்கும்போது கரகரப்பாகவோ கனமாகவோ சுருதி விலகியோ கேட்பது உண்டு. அப்போது குரலமைப்பவரின் கை உடனே குழாயை நோக்கிச் செல்கிறது. பெரும்பாலும் அது தவறான இடத்துக்குச் செல்கிறது. இணைந்த ஒலியில் தெரியும் குறை, குழாயில் பிறந்ததா, கப்ளரின் இயக்கத்தில் பிறந்ததா, காற்று வழங்கலில் பிறந்ததா, அல்லது கப்ளர் என்ற ஏற்பாட்டின் இயல்பிலேயே உள்ளதா என்று பிரித்தறிந்த பின்னரே கருவியைக் கையில் எடுக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி.

கப்ளர்களில் மூன்று வகைகளை மட்டும் நினைவில் கொண்டால் போதும். ஸ்வெல் பிரிவைக் கிரேட் பிரிவோடு சேர்ப்பது போல, ஒரு விசைப்பலகையை மற்றொன்றோடு அதே சுருதியில் சேர்ப்பது சமஸ்தாயிக் கப்ளர். (கிரேட் என்பது ஆர்கனின் முதன்மைப் பிரிவு, ஸ்வெல் என்பது திறந்து மூடும் பலகைகள் கொண்ட பெட்டிக்குள் வைக்கப்பட்ட பிரிவு.) ஒரு ஸ்தாயி மேலே அல்லது கீழே உள்ள குழாயைச் சேர்ப்பவை மேல்ஸ்தாயி, கீழ்ஸ்தாயிக் கப்ளர்கள். கைவிசைப்பலகையின் குழாய்களைக் காலால் இயக்கும் பெடல் கட்டைகளுக்குக் கொண்டுவருவது பெடல் கப்ளர்.

முதலில் இயக்கத்தைப் பார்க்க வேண்டும். கட்டைக்கும் காற்றுப்பெட்டியின் வால்வுக்கும் இடையே மெல்லிய மரப்பட்டிகளே தொடர்பாக உள்ள ஆர்கனில், கப்ளரை இழுத்தவுடன் ஒரு விரல் இரண்டு வால்வுகளைத் திறக்க வேண்டியதாகிறது. கப்ளரின் இணைப்புகளில் தளர்ச்சி இருந்தால், கட்டை அடிவரை தாழ்ந்த பின்னும் இணைக்கப்பட்ட பிரிவின் வால்வு பாதியளவே திறந்து நிற்கும். அந்தப் பிரிவின் குழாய்களுக்குப் போதிய காற்று கிடைக்காது. அவை மெதுவாக எழுந்து, மங்கலாக, சற்றுத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். இதைக் கேட்டுவிட்டு அடித்துளையைப் பெரிதாக்கினால், அந்தக் குழாய் தன் சொந்த விசைப்பலகையில் இசைக்கப்படும்போது, அதாவது வால்வு முழுதாகத் திறக்கும்போது, வரிசையை விட்டுத் துள்ளிக் கத்தும். சோதனை எளிது: இணைத்தபோது குறையுள்ளதாகத் தோன்றிய சுரத்தை அதன் சொந்தக் கட்டையில் தனியே ஒலிக்கச் செய்ய வேண்டும். அங்கே குறை இல்லையென்றால் குழாய் குற்றமற்றது; சரிசெய்ய வேண்டியது கப்ளரின் திருகாணிகளை. ஒரே விரலுக்கு இரு வால்வுகளும் ஒரே கணத்தில் எதிர்ப்புக் காட்டினால் தொடுகை கனமாகும் என்பதால், இணைக்கப்பட்ட வால்வு ஒரு நூலிழை பிந்தித் திறக்கும்படி வைப்பது உண்டு. அந்தப் பிந்துதல் காதுக்கு எட்டாத அளவில் இருக்க வேண்டும், இரண்டும் இறுதியில் முழுதாகத் திறக்க வேண்டும்.

அடுத்தது காற்று. காற்றின் அழுத்தம், வளைந்த கண்ணாடிக் குழாயில் நீர் எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது என்று அளக்கப்படுகிறது. இந்த அளவுமானியைக் காற்றுப்பெட்டியில் பொருத்தி, எல்லா அடிப்படை ஸ்டாப்களையும் இழுத்து (ஸ்டாப் என்பது ஒரே நிறமுடைய ஒரு குழாய்வரிசையை இயங்கச் செய்யும் இழுகுமிழ்), நான்கு சுரங்கள் கொண்ட ஒரு கூட்டுச்சுரத்தைப் பிடித்தபடி, முதலில் கப்ளர் இன்றியும் பின்னர் ஒவ்வொரு கப்ளராகச் சேர்த்தும் நீர்மட்டத்தைக் கவனிக்க வேண்டும். மேல்ஸ்தாயி, கீழ்ஸ்தாயிக் கப்ளர்கள் இரண்டும் இழுக்கப்பட்டால் அந்த நான்கு சுரங்கள் பன்னிரண்டு சுரங்கள் வரை பெருகக்கூடும். அவற்றில் கீழ்ஸ்தாயிக் குழாய்களே மிகுதியான காற்றைக் குடிப்பவை. அழுத்தம் சரிந்தால் எல்லாக் குழாய்களும் ஒரே அளவில் தாழ்வதில்லை. சில சற்றே தாழும், சில மிகுதியாகத் தாழும், வாய் உயரமாக வெட்டப்பட்ட மென்மையான குழாய்கள் தடுமாறும். இந்தத் தடுமாற்றம் துருத்தியும் காற்றுக்குழல்களும் போதாமையால் விளைவது. சரியும் அழுத்தத்துக்கு ஏற்றபடி குழாய்களைத் திருத்துவது, ஆர்கனின் வாழ்நாள் முழுவதற்கும் ஒரு நோயை நிலைப்படுத்துவதற்கு ஒப்பாகும்.

சமஸ்தாயிக் கப்ளர்

இயக்கமும் காற்றும் சரியென்று உறுதியான பின்பே உண்மையான குரலமைப்புக் கேள்வி எழுகிறது: இரு பிரிவுகள் சேரும்போது எதைத் தர வேண்டும்? உரப்பைத் தரும் என்று எதிர்பார்ப்பது பொதுவான மயக்கம். ஒரே உரப்புள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் கூடுவது ஏறத்தாழ 3 டெசிபெல் மட்டுமே. ஒன்றைவிட மற்றொன்று 10 டெசிபெல் மென்மையானதாக இருந்தால், மென்மையானது சேர்வதால் கூடுவது அரை டெசிபெல்லுக்கும் குறைவு. ஆகவே கிரேட்டின் 8 அடி டயபேசனோடு ஸ்வெல்லின் 8 அடி டயபேசனைச் சேர்த்து ஆர்கனைப் பெரிதாக்க முடியாது. (டயபேசன் என்பது நாக்கு இல்லாத வாய்க்குழாய்களால் ஆன, ஆர்கனின் அடிப்படைக் குரல் வரிசை. 8 அடி என்பது, அந்த வரிசையின் மிகத் தாழ்ந்த குழாய் சுமார் 8 அடி நீளமுள்ளது என்பதையும், கட்டைக்குரிய சுருதியிலேயே அது ஒலிக்கும் என்பதையும் குறிக்கும், 4 அடி வரிசை ஒரு ஸ்தாயி மேலும், 16 அடி வரிசை ஒரு ஸ்தாயி கீழும் ஒலிக்கும்.) கப்ளர் தரக்கூடியது நிறமே. ஒரே அகலமும் ஒரே வாய் வெட்டும் உள்ள இரு டயபேசன்கள் சேர்ந்தால் பயன் சிறிது, சுருதிப் பிணக்கோ பெரிது. ஒன்று அகன்றும் மற்றொன்று ஒடுங்கியும் இருந்தால், அல்லது ஒன்று வாய்க்குழாயும் மற்றொன்று ரீட் குழாயுமாக இருந்தால், ஒன்றின் அடிச்சுரம் மற்றொன்றின் மேற்சுரங்களைத் தாங்கி, இரண்டும் சேர்ந்து தனியே இல்லாத ஒரு குரலாகும். ஸ்வெல் பிரிவுக்குக் குரல் அமைப்பவர் அதைக் கிரேட்டின் சிறிய நகலாக ஆக்கிவிடாமல் காப்பது முதல் கடமை.

இதைப் பாரிஸின் ஆர்கன் தயாரிப்பாளர் அரிஸ்டீட் கவையே-கோல் தெளிவாக உணர்ந்திருந்தார். பல விசைப்பலகைகளை இணைத்தால் தொடுகை தாங்க முடியாத அளவு கனத்துவிடும் என்பது அவருக்கு முந்தைய பெரிய ஆர்கன்களின் தடை. சார்ல்ஸ் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் கண்ட நெம்புகோலில், ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சிறு துருத்தி உண்டு. விரல் அந்தத் துருத்தியின் வால்வை மட்டும் திறக்கிறது, கனமான இழுப்பைத் துருத்தி செய்கிறது. கவையே-கோல் இதை 1841இல் முடித்த சேன்-தெனி மடாலய ஆர்கனில் பயன்படுத்தினார். அதன் பிறகு கப்ளர் அவருக்கு அவ்வப்போது பயன்படும் துணைக்கருவியாக இல்லை. ஆர்கனின் மையமே கப்ளராயிற்று. 1862இல் முடிந்த சேன்-சுல்பீஸ் ஆர்கன் ஐந்து விசைப்பலகைகளும் நூறு ஸ்டாப்களும் கொண்டது. அத்தகைய ஒரு கருவியில் எல்லாப் பிரிவுகளும் முதன்மை விசைப்பலகைக்கு வந்து சேர முடியும் என்ற உறுதியின் மேல்தான் குரலமைப்பு நிற்கிறது.

விளைவு குழாய்களில் தெரிகிறது. பிரெஞ்சு ஆர்கனில் ஸ்வெல்லுக்கு இணையாகப் பெட்டிக்குள் இருக்கும் ரெசீ பிரிவின் டிரம்பெட் வகை ரீட்கள், பெட்டி மூடியிருக்கும்போது அடிப்படைக் குழாய்களின் பின்னே ஒரு மினுக்கமாகவும், பெட்டி திறக்கும்போது முழு ஆர்கனையும் மேலே தூக்கும் அலையாகவும் ஒலிக்க வேண்டும் என்பதால், அவை தனித்துக் கேட்கும்போது தம் சிறிய பிரிவுக்கு அளவுமீறியவை என்று தோன்றும் வலிமையோடு குரலமைக்கப்பட்டன. மேல்சுரங்கள் மெலியாமல் ஏறுமுகமாக வலுப்பெறும்படி, இருமடங்கு நீளமுள்ள குழாய்களும், சில கருவிகளில் மேல்சுரங்களுக்குத் தனியான உயர்ந்த காற்றழுத்தமும் பயன்பட்டன. 1859இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட்-குளோத்தீல்டு ஆர்கனுக்காக இசையமைத்த சீசர் பிராங்க், விசைப்பலகைகள் இணைந்த நிலையையே தம் ஸ்டாப் குறிப்புகளில் மீண்டும் மீண்டும் கேட்கிறார். இத்தகைய ஆர்கனைப் பழுதுபார்க்க வருபவர், ரெசீயைத் தனியே கேட்டு அதன் ரீட்களை அடக்கிவிட்டால், அந்தப் பிரிவு நாகரிகமாகும், ஆர்கன் பாழாகும்.

சமஸ்தாயிக் கப்ளரில் மிகுதியாக எழும் புகார் சுருதி பற்றியது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் வாய்க்குழாய்களின் சுருதி ஏறத்தாழ 3 செண்ட் உயர்கிறது. ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பகுத்தால் வரும் ஒரு கூறே செண்ட். கிரேட் திறந்தவெளியிலும் ஸ்வெல் மூடிய பெட்டிக்குள்ளும், பெரும்பாலும் வேறு உயரத்திலும் இருப்பதால், இரண்டுக்கும் இடையே 2 பாகை வேறுபாடு வருவது அரிதன்று. அப்போது 440 அதிர்வெண்ணில் நொடிக்கு ஒன்றரை விம்மல் கேட்கும். ரீட் குழாய்கள் வெப்பத்துக்கு இந்த அளவு அசைவதில்லை என்பதால் பிணக்கு மேலும் சிக்கலாகிறது. இது குரலமைப்பின் குறையும் அன்று, சுருதி சேர்த்தவரின் குறையும் அன்று. பெட்டியின் பலகைகளைத் திறந்து வைத்து, வெப்பம் சமனாகும் வரை காத்திருந்து, மீண்டும் கேட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும். இதற்கு எதிரான ஒரு நிகழ்வும் உண்டு: மிக அருகில் நிற்கும், கிட்டத்தட்ட ஒரே சுருதியுள்ள இரு குழாய்கள் ஒன்றையொன்று இழுத்து ஒரே சுருதியில் பூட்டிக்கொள்ளும், அந்நிலையில் ஒலி எதிர்பார்த்ததைவிடக் குறையவும் கூடும். இரு பிரிவுகளும் தள்ளி நிற்கும் ஆர்கன்களில் இது அவ்வளவாக நேர்வதில்லை.

ஒலி எழும் விரைவும் கவனிக்கத்தக்கது. மெதுவாகப் பேசத் தொடங்கும் ஒடுங்கிய குழாயும் உடனே பேசும் அகன்ற குழாயும் இணைந்தால், ஒரே சுரம் இருமுறை தொடங்குவது போலத் தோன்றும். இங்கு மெதுவான குழாயைத் திருத்துவது நியாயமே. ஆனால் இரு பிரிவுகளுக்கும் இடையே 10 மீட்டர் தூரம் இருந்தால், ஒலி அத்தூரத்தைக் கடக்கவே சுமார் 29 மில்லிநொடி ஆகும் என்பதையும், இது எந்தக் கருவியாலும் திருத்த முடியாதது என்பதையும் மறக்கலாகாது.

மேல்ஸ்தாயியும் கீழ்ஸ்தாயியும்

ஸ்தாயிக் கப்ளர்களில்தான் குரலமைப்பவருக்கு உண்மையான சோதனை. 8 அடி டயபேசனோடு 4 அடி ஆக்டேவ் ஸ்டாப் சேரும்போதும், அதே டயபேசன் மேல்ஸ்தாயிக் கப்ளரோடு சேரும்போதும் தாளில் ஒன்றே எழுதப்படும், காதில் ஒன்றல்ல. 4 அடி வரிசை அதே சுருதியிலுள்ள 8 அடிக் குழாயைவிட வழக்கமாக ஓரிரு சுர அளவு ஒடுக்கமாகச் செய்யப்பட்டு, சற்று மென்மையாகவும் குரலமைக்கப்படுகிறது. அது 8 அடியின் மேல் ஒரு ஒளியாக அமைய வேண்டுமே தவிர, அதோடு போட்டியிடக் கூடாது. கப்ளர் கொண்டுவருவதோ டயபேசனின் சொந்த மேல்ஸ்தாயிக் குழாய்; அது தன் இடத்தில் முழு வலிமையோடு அடிச்சுரம் பாட அமைக்கப்பட்டது. ஜெர்மானியரான டாப்பர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுமுறைப்படி, குழாயின் விட்டம் பதினேழாவது குழாயில்தான் பாதியாகிறது, பன்னிரண்டு அரைச்சுரங்கள் கடந்து வரும் அடுத்த ஸ்தாயியில் அல்ல. அதனால் மேல்சுரக் குழாய்கள் தம் நீளத்தை நோக்க அகலம் கூடியவையாகவும் உரப்பானவையாகவும் உள்ளன. இவை கப்ளரால் 4 அடியின் வேலைக்கு அழைக்கப்படும்போது ஆர்கன் கீச்சிடுகிறது. ஏறுமுகமாகக் குரலமைக்கப்பட்ட ஆர்கனில் இந்தக் கீச்சு தாங்க முடியாததாகும்.

இன்னொரு குறை அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரு கட்டைகளை ஒருசேர அழுத்தினால், 8 அடியும் தனி 4 அடியும் இழுக்கப்பட்ட ஆர்கனில் நான்கு குழாய்கள் ஒலிக்கும். 8 அடியோடு மேல்ஸ்தாயிக் கப்ளர் மட்டும் இருந்தால் மூன்றே ஒலிக்கும். ஏனெனில் கீழ்க்கட்டை கப்ளரின் வழியே கேட்கும் குழாயும், மேல்கட்டை நேரே கேட்கும் குழாயும் ஒன்றே. கூட்டுச்சுரங்களில் ஸ்தாயி இரட்டிப்பு மிகுதி என்பதால், இசை அடர்த்தியாகும் இடத்தில் ஒலி மெலிவதும், ஒற்றை மெட்டில் தடிப்பதும் நேர்கிறது. நடுக்குரல்கள் விட்டுவிட்டுத் தெரிகின்றன என்று வாசிப்பவர் முறையிடும்போது, நடுஸ்தாயிக் குழாய்களை உரப்பாக்கிப் பார்ப்பது வீண்வேலை. இல்லாத குழாயை எந்தக் கத்தியும் பாட வைக்காது.

பல வரிசைகள் ஒருசேர ஒலிக்கும் மிக்ஸ்சர் ஸ்டாப்பில் நிலைமை விசித்திரமானது. மிகச் சிறிய குழாய்களைச் செய்ய முடியாது என்பதால், மிக்ஸ்சரின் வரிசைகள் மேலே செல்லச் செல்ல அவ்வப்போது கீழே திரும்புகின்றன. ஒரு மிக்ஸ்சர் கீழ் ஸ்தாயியில் 1⅓, 1, ⅔ அடியாகவும் அடுத்த ஸ்தாயியில் 2, 1⅓, 1 அடியாகவும் இருப்பதாகக் கொள்ளலாம். மேல்ஸ்தாயிக் கப்ளரை இழுத்தால், மேலுள்ள மூன்றும் கீழ்க்கட்டையின் கணக்கில் 1, ⅔, ½ அடியாகச் சேர்கின்றன. ஆறு குழாய்களில் இரு சுருதிகள் இரட்டிப்பாகி, புதிதாகச் சேர்வது ½ அடி ஒன்றே. இரட்டித்தவை சிறிதளவு பிசகினாலும் விம்மும். மிக்ஸ்சரோடு ஸ்தாயிக் கப்ளரைத் தவிர்க்குமாறு இசைக்கலைஞரிடம் சொல்வதே முறை. மின் இயக்கமுள்ள ஆர்கனில் கப்ளரிலிருந்து மிக்ஸ்சரை விலக்கிவிடவும் முடியும்.

அமெரிக்க ஆர்கன்களில், ஸ்கின்னர் போன்ற தயாரிப்பாளர்களின் கருவிகளில், 61 கட்டைகளுக்கு 73 குழாய்கள் உள்ள காற்றுப்பெட்டிகள் செய்யப்பட்டன. மேல்ஸ்தாயிக் கப்ளர் உச்சக்கட்டை வரை வேலை செய்ய இந்த 12 கூடுதல் குழாய்களே காரணம். குரலமைப்பவருக்கு இங்கே ஓர் அரிய சுதந்திரம் கிடைக்கிறது. இவை கப்ளர் வழியே தவிர வேறு வழியில் ஒலிப்பதே இல்லையாதலால், இவற்றைத் துணிந்து மென்மையாக்கலாம். இவற்றுக்குக் கீழுள்ள ஸ்தாயியை அப்படி மென்மையாக்க முடியாது: அது இரு வேலைக்கும் பொது. கப்ளரோடு கேட்டுவிட்டு அந்த ஸ்தாயியை அடக்கினால், கப்ளர் இல்லாதபோது மெட்டு உச்சிக்கு ஏறும்போது வாடிப்போகும். எப்போதும் தனி விசைப்பலகையின் தேவையே மேலானது. கப்ளரின் கீச்சை ஓரளவு பொறுத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய தந்திக்குரல் ஸ்டாப்களில் மட்டும் ஸ்தாயிக் கப்ளர் குற்றம் சொல்ல இடமின்றி அழகு தருகிறது. அங்கே வலிமையின் போட்டி என்பதே இல்லை.

கீழ்ஸ்தாயிக் கப்ளர் 8 அடி ரீட்டை 16 அடியாகப் பயன்படுத்துகிறது. கவையே-கோல் மேல்ஸ்தாயியைவிட இதையே விரும்பினார். வலக்கையில் இது கம்பீரம். இடக்கைக் கூட்டுச்சுரங்களில் இது சேறு. மேலும், அடிஸ்தாயியின் 12 கட்டைகளுக்குக் கீழே குழாய்கள் இல்லாததால், கீழிறங்கும் மெட்டு அந்த எல்லையைக் கடந்ததும் ஒலி திடீரென ஒல்லியாகிறது. குரலமைப்பால் இந்தப் படியை மறைக்க முயல்வோர், எல்லைக்கு மேலுள்ள குழாய்களைக் கெடுத்துவிடுகின்றனர்.

பெடல்

ஆர்ப் ஷ்னிட்கர் 1693இல் ஹாம்புர்க் யாக்கோபி தேவாலயத்தில் முடித்த 60 ஸ்டாப் ஆர்கனின் பெடல் பிரிவில் 32 அடி முதல் 2 அடி வரை முழுக் குழுவும் உண்டு. அது கைவிசைப்பலகையிடம் கடன் கேட்க வேண்டியதில்லை. சிறிய ஆர்கன்களில் பெடலுக்கு ஒரே ஒரு 16 அடி போர்டன் மூடுகுழாய் வரிசை இருந்து, மற்றெல்லாம் கப்ளர் வழியே வருவது வழக்கம். இந்த ஒரு வரிசை ஸ்வெல்லின் மெல்லிய புல்லாங்குரலுக்கும் கிரேட்டின் முழுக்குழுவுக்கும் அடித்தளமாக வேண்டும் என்பதால், கிரேட்-பெடல் கப்ளர் இழுத்த நிலையில் கேட்டு அதை உரப்பாக்கிவிடக் கூடாது. கப்ளர் 8 அடி வரையறையைத் தருவதால், போர்டன் நடுத்தர அளவில் இருந்தாலே முழு ஆர்கனில் போதும்; உரப்பான போர்டனோ மென்மையான இசை எதற்கும் உதவாது.

வேலையின் வரிசை இவ்வாறு அமைவது நல்லது. ஒவ்வொரு பிரிவையும் கப்ளர் இன்றி முடிக்க வேண்டும். பின்னர் உதவியாளரைக் கட்டைகளில் அமர்த்தி, குரலமைப்பவர் மக்கள் அமரும் இடத்திலிருந்து, பெட்டி திறந்தும் மூடியும், 8 அடி ஸ்டாப்களை இணைத்துக் கேட்க வேண்டும். கட்டைகளின் அருகே கேட்கும் சமநிலை அங்கே கேட்பதில்லை. ஸ்தாயிக் கப்ளர்களைக் கடைசியாகக் கேட்டு, எந்தக் குறை எந்தக் காரணத்தால் என்று எழுதி வைத்து, மறுநாள் மீண்டும் கேட்ட பிறகே குழாயில் கை வைக்க வேண்டும். அன்றைய வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் ஆர்கனின் பதிவேட்டில் குறித்துவைப்பது அடுத்து வருபவருக்கு உதவும். சுருதி சேர்க்கும்போது எல்லாக் கப்ளர்களையும் நீக்கிவிட வேண்டும். இணைந்து ஒலிக்கும் இரு குழாய்களில் எது பிசகியது என்று எந்தக் காதாலும் நம்பிச் சொல்ல முடியாது.